எந்தப் பக்கத்துச் சட்டி?

இரண்டு வருடத்துக்கு முன், போகிக்கு முதல் நாள் மத்தியானம் நடந்தது இது. மாமல்லபுரம் பக்கத்தில் கடலோரக் குப்பத்தில் எங்கள் வீடு. எனக்குத் தொழிலே மீன் பிடிப்பதுதான். அப்படியும் ஒரு மீன் விஷயத்தில் என் பெண் முன்னால் முழித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகளே, நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, சொல்கிறேன்.

என் பெண் அப்போது ஆறாம் வகுப்பு. அவள் கேட்டாளே என்று செங்கல்பட்டு வண்ணமீன் கடையில் இரண்டு ஜோடி மீன் வாங்கிக் கொடுத்தேன். சிக்லிட் என்கிற வண்ணமீனில் குட்டை ரகமாம். வளர்ந்தாலும் சுண்டுவிரல் நீளம்தான். கடைக்காரர் அப்போதே சொன்னார், ஒரே தொட்டியில் இரண்டு குடும்பம் என்றால் ஆளுக்கொரு வீடு வேண்டும், ஒன்றின் கண்ணில் ஒன்று படக்கூடாது என்று. அதனால் ஒரே மாதிரி இரண்டு சின்ன மண்சட்டிகளைத் தொட்டியின் இரண்டு கோடியிலும் கவிழ்த்து, நடுவில் கல்லும் செடியும் வைத்தோம். சட்டியின் விளிம்பில் உடைத்துவிட்ட ஓட்டைதான் வாசல். சண்டையில்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது.

அன்று பார்த்தால் பெண் மீன் இரண்டும் மஞ்சள் பூசினது போல இருந்தன. கையை விட்டால் கடிக்க வந்தன. தண்ணீர் கெட்டுப்போய் நோய் வந்துவிட்டது என்று நினைத்தேன். வீட்டில் போகிக்காகச் சாமானெல்லாம் வெளியே கிடந்தது. சரி, தொட்டியையும் சுத்தம் செய்துவிடலாம் என்று சட்டி இரண்டையும் எடுத்துத் தொட்டித் தண்ணீரோடு வாளியில் போட்டேன். ஒன்றை எடுத்து நாரால் உள்ளும் புறமும் நன்றாகத் தேய்த்தேன். அடுத்ததையும் தேய்க்கத் திருப்பினபோது, பொங்கலுக்கு வந்திருந்த என் மனைவியின் தம்பி கையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னா மச்சான் இது? சினை மாரி கீது?"

சட்டியின் உள்கூரையில் சிவப்பாக, கேழ்வரகு மணி போலப் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தது. சினையை மீன் வயிற்றில் பார்த்திருக்கிறேன், குழம்பில் பார்த்திருக்கிறேன். இப்படிச் சட்டியில் ஒட்டிப் பார்த்ததே இல்லை. தேய்த்துவைத்த சட்டியை எடுத்துப் பார்த்தேன். உள்ளே பளிச்சென்று இருந்தது.

பெண் மீன் இரண்டும் மஞ்சளானதும் கடிக்க வந்ததும் நோயில்லை, முட்டைக் காவல் என்று அப்போதுதான் உறைத்தது. சரி, மிச்சம் இருப்பதையாவது அதன் தாயிடம் சேர்த்துவிடலாம் என்று தொட்டிக்கு வந்தால், அங்கே அடுத்த குழப்பம். இந்தச் சட்டி இடது பக்கம் இருந்ததா, வலது பக்கமா? எடுத்தபோது நான் பார்க்கவே இல்லை. தாய் மீன் இரண்டும் ஒரே அச்சு. இரண்டும் பைத்தியம் பிடித்தது போலத் தேடிக்கொண்டிருந்தன. மாற்றி வைத்தால் தின்றுவிடுமோ என்று பயம் வேறு.

"கடல்ல பத்து வல கெடந்தாலும் உன் வல எதுன்னு கரெக்டா காட்டுவ. ரெண்டே ரெண்டு சட்டிக்கு இப்படி முழிச்சிகினு கீறியே!" என்றான் மச்சினன்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்திலிருந்து என் பெண் வந்தாள். முட்டையைப் பார்த்ததும் குதித்தாள். "எந்தப் பக்கத்து சட்டிப்பா?"

"இடது" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் நம்பி, இடது பக்கக் கல்லை நகர்த்தி இடம் பண்ணினாள். சட்டியோடு என் கை தண்ணீருக்குள் பாதியில் நின்றுவிட்டது.

"தெர்லமா. அப்பா பாக்காம எடுத்துட்டேன். இன்னொரு சட்டிலயும் முட்டை இருந்திருக்கும். அத்த தேச்சிட்டேன்."

அவள் அழவில்லை. தேய்த்த சட்டிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். எனக்கு அவள் அழுதிருந்தாலே தேவலை என்று இருந்தது. சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "நடுவுல வைப்பா. அதுங்களுக்குத் தெரியும்" என்றாள்.

நடுவில் வைத்தோம். தேய்த்த சட்டியை ஒரு கோடியில் வைத்தேன். ஆண் மீன் இரண்டும் மூலையில் பதுங்கிக்கொண்டன. பெண் மீன் இரண்டும் வந்து, செவுளை விரித்துக்கொண்டு நேருக்கு நேர் நின்றன. ஒன்று முட்டைச் சட்டிக்குள் நுழைந்தது. மற்றது வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தேய்த்த சட்டிக்குள் போய்விட்டது.

பத்து நாளில் குஞ்சுகள் ஊசிமுனை போல வெளியே வந்தன. என் பெண், "அப்போ இதான் அம்மாவாப்பா?" என்று கேட்டாள். தெரியாதம்மா என்றுதான் சொன்னேன். விட்டுக்கொடுத்ததா, தோற்றதா, எது எதன் பிள்ளை, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மற்ற மீன் அந்தக் காலிச் சட்டிக்குள் மூன்று நாள், முட்டைக்கு விசிறுவது போலவே துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது, அதைப் பார்த்த நாளிலிருந்து எதைச் சுத்தம் செய்யக் கை நீட்டினாலும், இது யாருக்காவது வீடாக இருக்குமோ என்று ஒரு தரம் உள்ளே குனிந்து பார்த்துவிட்டுத்தான் தொடுகிறேன்.