ஒன்றரை அடிக்கு மேலே

ஸ்டூலில் ஏறுமுன் கிரிதரன் கைக்கடிகாரம், பேனா, வீட்டுச்சாவி மூன்றையும் பக்கத்தில் நிற்பவரிடம் ஒப்படைத்துவிடுவார். ஸ்டூலின் உயரம் ஒன்றரை அடி. "விழுந்தா பொருளாச்சும் மிஞ்சணும்ல," என்பார். கல்யாண வீட்டார் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அப்படியே படமெடுத்துவிடுவார். அதற்காகத்தான் சொல்கிறார் என்று ஊர் நினைக்கிறது. இல்லை. மனைவி பிருந்தா குனிந்து ஸ்டூலின் கால்களை இரு கைகளாலும் பிடித்த பிறகுதான் அவருக்கு மூச்சே சீராகும்.

பழங்காநத்தத்தில் பஸ் திரும்பும் முக்கில் இருக்கிறது அவருடைய ஸ்டுடியோ. 'எல்லாக் கோணங்களிலும் படம் எடுக்கப்படும்' என்கிறது பெயர்ப்பலகை. கண்ணாடிக்குப் பின்னால் மாட்டியவற்றில் ஊர் மெச்சுவது மூன்றை: பந்திக்கு விரித்த நூறு வாழை இலைகள், மாப்பிள்ளை ஊர்வலம், தெப்பத் திருவிழாக் கூட்டம். மூன்றும் உயரத்திலிருந்து எடுத்தவை. மூன்றையும் எடுத்தது பிருந்தா. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் தண்ணீர்த்தொட்டி மேல் ஏறுவார். கிரிதரன் கீழே நின்று, பழக்கதோஷத்தில், "நாடிய லேசா எறக்குங்க," என்பார், இலைகளிடம். பாராட்டை மட்டும் அவர் வாங்கிக்கொள்வார், கொஞ்சம் கூச்சத்தோடு.

வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். பயம் வந்தால் மட்டும் கிரிதரன் தமிழுக்கு மாறிவிடுவார். பிருந்தாவுக்கு அது தெர்மாமீட்டர் மாதிரி.

இரண்டாயிரத்து இரண்டில், நண்பர்களோடு சேர்ந்து ராக்கெட் செய்துகொண்டிருந்த பாலிடெக்னிக் ஆசிரியர் பசுபதி ஸ்டுடியோவுக்கு வந்தார். "ரெண்டு கிலோமீட்டர் போகும்ணே. அதுல ஒரு கேமரா மாட்டணும்."

கிரிதரன் விலை பேசவில்லை. "கோணம் நான்தான் வைப்பேன். வேற யாரும் தொடக் கூடாது."

அன்று வீட்டில், "சாகுறதுக்குள்ள மேல இருந்து ஒண்ணாச்சும் நானே எடுத்துரணும்," என்றார். தமிழில்.

"ராக்கெட்டு எடுத்தா அது எப்படி நீங்க எடுத்ததாகும்?" என்று பிருந்தாவும் தமிழிலேயே கேட்டார்.

"கோணம் யாருது?"

தானாகச் சுருள் சுற்றிக்கொள்ளும் சின்ன கேமரா. அதன் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்க ஒரு டேப்ரிக்கார்டர் மோட்டார். குலுங்காமலிருக்க ஆல்பப் பெட்டியின் பஞ்சு. பாராசூட்டுக்கு, ஸ்டுடியோவில் ஃப்ளாஷ் விளக்குக்குப் பிடிக்கும் குடையின் வெள்ளைத் துணி. எல்லாம் கச்சிதம். லென்ஸ் மட்டும், மணப்பெண் முகத்தைப் பார்ப்பதுபோல, நேரே அடிவானத்தைப் பார்த்தது.

"அண்ணே, கீழ பாக்க வைங்க," என்றார் பசுபதி. "மேகத்துக்கா ஆல்பம் போடப் போறோம்?"

"கீழ பாத்தா தல சுத்தும் சார்."

"யாருக்கு?"

கிரிதரன் யோசித்தார். "கேமராவுக்கு."

மொட்டைமாடியில் வைத்துப் பார்த்துச் சாய்த்தால் சரியாக வரும் என்றார் பசுபதி. ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கிரிதரன் நாலு படி ஏறினார். ஏதோ மறந்தவர்போல இறங்கினார். "குடுங்க, நான் பாத்துட்டு வாரேன்," என்று பிருந்தா கை நீட்டினார். கொடுக்கவில்லை. கொடுத்தால் இது நாலாவது படமாகிவிடும். ஸ்டூலைப் போட்டு ஏறி, ராக்கெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கேமரா வழியே தரையைப் பார்த்தார். ஒன்றரை அடிப் பள்ளத்தில் அவருடைய செருப்புகள் கிடந்தன. கண்ணை மூடித் திறந்து, லென்ஸைச் சாய்த்து, திருகாணியை முடுக்கினார். வேர்வை சொட்டியது. பிருந்தா ஸ்டூலின் கால்களை விடவேயில்லை.

ஞாயிறு காலை, கீழக்குயில்குடி தாண்டி ஒரு வறண்ட கண்மாயிலிருந்து ராக்கெட் சீறிக்கொண்டு போனது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கிரிதரன் மட்டும் ஒரு பனைமரத்தைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

"எறங்கிருச்சா?"

"ராக்கெட்டு எறங்கிருச்சு," என்றார் பிருந்தா. "நீங்க மரத்த விடுங்க."

கருவேல மரத்தில் வெள்ளைக் குடைத்துணி மாட்டியிருந்தது. கேமராவுக்குச் சேதமில்லை. கழுவ வேறு கைக்குப் போகக் கூடாதென்றே கறுப்புவெள்ளைச் சுருள் போட்டிருந்தார் கிரிதரன். அன்று மதியமே இருட்டறைக்குள் போனார். முப்பத்தாறில் முப்பத்தைந்து, புகையும் வெற்று வானமும். மிச்சமிருந்த ஒன்று சிவப்பு விளக்கடியில் மெல்லத் தெளிந்தது. சமணர் மலை ஒரு கொழுக்கட்டை அளவு. வண்டிப்பாதை நூல்போல. வயல்கள், கண்மாய், எல்லாம் எங்கேயோ கீழே.

"பிருந்தா, கொஞ்சம் உள்ள வா," என்று குரல் வந்தது. தமிழில்.

பிருந்தா திரையை விலக்கிப் போனார். கிரிதரன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பாதங்களும் தரையில். மடியில் ஈரப் படம். அதிலிருந்து கண்ணை எடுக்காமலே கைக்கடிகாரத்தைக் கழற்றி, பேனாவோடும் வீட்டுச்சாவியோடும் சேர்த்து நீட்டினார். பிருந்தா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, குனிந்து, ஸ்டூலின் கால்களைப் பிடித்தார்.