பதினோரு சாக்கு சிறுகிழங்கு

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால், காலையில் மொட்டை மாடிக்கு ஏறிப் போனேன். என் பதினோரு சாக்குகளையும் காணோம். அவை இருந்த இடத்தில் பதினோரு மண்கறை மட்டும் வட்ட வட்டமாக இருந்தது. கோபம் வந்தால் எனக்கு முதலில் செருப்பு கழன்றுவிடும். ஒற்றைச் செருப்போடு ஐந்து மாடி இறங்கினேன். கட்டிடத்தில் லிஃப்ட் இருப்பது தரைத்தளத்துக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அந்தச் சாக்குகளில் இருந்தது சிறுகிழங்கு. திருநெல்வேலிக்காரர்களுக்குப் பொங்கல் பானை முன்னால் இலையில் கரும்பு இருக்கிறதோ இல்லையோ, சிறுகிழங்கு இருந்தாக வேண்டும். நான் தாராவியில் பிறந்து செம்பூருக்கு வந்தவன். சொந்த ஊரைக் கல்யாண வீடுகளில் பார்த்ததோடு சரி. ஆனாலும் கிழங்கு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்தத் தடவை விட்டுக்கொடுக்கவே முடியாத நிலைமை. கல்யாணமாகி டோம்பிவிலிக்குப் போன மகளுக்கு இது தலைப்பொங்கல். பானை, அரிசி, வெல்லம், கரும்பு, கிழங்கு என்று பொங்கப்படி கொண்டுபோக வேண்டியது பெண் வீட்டுக்காரன் பொறுப்பு. சம்பந்தியம்மா ஜூன் மாதமே போன் செய்து, கிழங்குக்கெல்லாம் சிரமப்பட வேண்டாம், மாட்டுங்கா மார்க்கெட்டில் தாங்களே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைதான் எனக்கு எரிந்தது.

"என் மகளுக்கு என் கையால வெளஞ்ச கெழங்குதான் வரும். பாத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லி போனை வைத்தேன். அதுவரை நான் வளர்த்தது ஒரே ஒரு மணி பிளான்ட். அதுவும் பட்டுப்போயிருந்தது.

போன பொங்கலுக்கு வாங்கியதில் நாலைந்து கிழங்கு வெங்காயக் கூடையின் அடியில் முளைவிட்டுக் கிடந்தது. தொட்டியில் புதைத்தேன். கொடி ஒரு சாண் வந்ததும் நுனிகளைக் கிள்ளி, ஆகஸ்டில் சிமெண்ட் சாக்குகளில் மண் நிரப்பி நட்டேன். மண்ணை லிஃப்டில் ஏற்றக்கூடாது என்று எங்கள் கட்டிடத்துச் சொஸைட்டி செக்ரட்டரி சொல்லிவிட்டார். அவர் வீட்டு நாய் லிஃப்டில் போகலாம், என் மண் போகக்கூடாது. வாளி வாளியாகப் படியில் சுமந்தேன். ஒவ்வொரு மாடியிலும் நின்று அவரைத் திட்டினேன். ஐந்தாவது மாடியில் திட்ட மூச்சு இருக்காது.

கொடி நன்றாகவே படர்ந்தது. அதுதான் எனக்கு வினையாகிப் போனது. மேலே இத்தனை இலை இருக்கிறதே, கீழே ஏதாவது இருக்கிறதா என்று பயம் பிடித்துக்கொண்டது. முட்டைக்கோஸ் என்றால் கண்ணுக்குத் தெரியும். கிழங்கு மண்ணுக்குள் இருந்துகொண்டு ஒன்றும் சொல்லாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு சாக்கை விரலால் தோண்டிப் பார்ப்பேன். வெள்ளை வேரைப் பார்த்து ரத்தக்கொதிப்பு ஏறும். மறுபடி மூடுவேன். அடுத்த ஞாயிறு அடுத்த சாக்கு. நடுவில் தூக்கம் வராவிட்டால் செவ்வாய்க்கிழமையும் உண்டு.

டிசம்பர் கடைசியில் இலை பழுத்தது. சிறுகிழங்குக்குக் கொடி காய்ந்தால்தான் கிழங்கு முற்றியதாகக் கணக்கு. நானே தண்ணீரை நிறுத்தினேன். பதினோரு சாக்கும் சருகாகிக் கிடந்ததைப் பார்த்து எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையோடுதான் அன்று காலை மாடிக்குப் போனேன்.

செக்ரட்டரி வீட்டுக் கதவைத் தட்டிய தட்டில் நாய் முதலில் வந்தது, பிறகு அவர். கோபம் வந்தால் என் ஹிந்தி செம்பூரை விட்டுத் தாராவிக்கு ஓடிவிடும். அவருக்குப் புரிந்ததும் புரியாததுமாக எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் உள்ளே போய் சர்க்குலர் ரெஜிஸ்டரை எடுத்து வந்து, ஒரு பக்கத்தைத் திறந்து விரல் வைத்தார்.

"அண்ணா, யே சைன் கிஸ்கா ஹை?"

என் கையெழுத்துதான். வாலில் ஒரு சாம்பார்த் துளி வேறு. வாட்ச்மேன் அந்த ரெஜிஸ்டரை வீடு வீடாகக் கொண்டுவருவது எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரத்தில்தான். இந்தக் கட்டிடத்தில் யாரும் அதைப் படித்ததில்லை. இடது கையில் தட்டு, வலது கையில் பேனா, போட்டுவிட்டுக் கதவைச் சாத்துவோம். மராத்தியில் நாலு வரி. சங்கராந்திக்குப் பட்டம் விடுவதற்காக மாடி சுத்தம் செய்யப்படும், காய்ந்த செடிகள் அகற்றப்படும், ஆட்சேபணை இருந்தால் மூன்று நாளில் சொல்லவும்.

காய்ந்த செடி. அதைக் காய வைக்கத்தானே நான் ஐந்து மாதம் காத்திருந்தேன். அவர் செய்ததில் தப்பே இல்லை என்பதுதான் என்னை இன்னும் எரித்தது. நாயையாவது திட்டிவிட்டு வந்தேன்.

குப்பை வண்டி இன்னும் வரவில்லை என்று வாட்ச்மேன் சொன்னான். பம்ப் ரூமுக்குப் பின்னால் சாக்குகளைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். உடைந்த தொட்டி, புறா எச்சம், அதற்கு நடுவில் என் மண். குத்தவைத்து உட்கார்ந்து கையால் அளைந்தேன். மனைவி பழைய சல்லடையோடு இறங்கி வந்தாள். இரண்டு பேருமாகச் சலித்தோம். ஆபீஸ் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

வேர்க்கடலை அளவில் கொஞ்சம், பட்டாணி அளவில் கொஞ்சம். எல்லாம் சேர்த்து ஒரு டம்ளர் தேறியது. மீதி கொட்டும்போது எங்கோ உருண்டுவிட்டது, எவனோ எடுத்துவிட்டான் என்று செக்ரட்டரியைத் தொடர்ந்து திட்டிக்கொண்டிருந்தேன். மனைவி சல்லடையைக் கீழே வைத்தாள்.

"அந்த ஆளு எடுத்தது சாக்கைத்தான். நீங்க வாரா வாரம் நோண்டி நோண்டிப் பாத்தீயள்லா, பொறவு அது எங்கிட்டு பெருக்கும்?"

அவளிடமும் கோபித்துக்கொண்டேன்.

மறுநாள் யாருக்கும் சொல்லாமல் மாட்டுங்கா போய் இரண்டு கிலோ சிறுகிழங்கு வாங்கினேன். உருண்டு திரண்ட கிழங்கு, பார்க்கவே வயிறு எரிந்தது. பாத்ரூமில் வைத்து என் சாக்கு மண்ணில் புரட்டினேன். மாடியில் விளைந்தது என்று சூடம் அடித்துச் சொல்லலாம், அப்படி இருந்தது. மனைவி வந்து வாசலில் நின்று பார்த்தாள். குழாயைத் திறந்துவிட்டாள். பூசிய மண்ணை நானே கழுவினேன்.

டோம்பிவிலியில் பொங்கப்படியை வரிசையாக இறக்கி வைத்தோம். சம்பந்தியம்மா என் கிழங்கு இருந்த டம்ளரை எடுத்துப் பார்த்தார்.

"இது என்னது, பயறா?"

"கெழங்கு. நான் வெளைவிச்சது. அந்தப் பையில இருக்கது மார்க்கெட்டு" என்றேன். சண்டைக்குத் தயாராகத்தான் சொன்னேன். அவர் சண்டைக்கு வரவில்லை. மகள் டம்ளரை வாங்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "நோண்டிக்கிட்டே இருந்தீங்களாப்பா?" என்று கேட்டாள். அம்மா போனில் சொல்லியிருக்கவே தேவையில்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்று நான் நிமிஷத்துக்கு ஒரு தடவை வெப்சைட்டைத் திறந்து பார்த்து அவளை அழவைத்தவன்.

பொங்கலன்று காலையில் போட்டோ அனுப்பினாள். பானை பொங்கி வழிந்திருந்தது. முன்னால் இலை, அதில் மார்க்கெட் கிழங்கு மலைபோல. என்னுடையதைக் காணவில்லை. விரலால் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். கரும்புக்கு அடியில், இலை ஓரத்தில், புள்ளி புள்ளியாக இருந்தது.

நடுவில் வைத்தால் என்னவாம்?

மத்தியானத்துக்குள் ஏழெட்டு தடவை அந்தப் போட்டோவைத் திறந்து பார்த்துவிட்டேன். இன்னும் ஓரத்தில்தான் இருக்கிறது.