சீட்டில் விழுந்த அணி

குளச்சலில் எங்கள் கோயில் திருவிழாப் பட்டிமன்றத்தை நினைத்தால், முதல் வரிசையில் இடுப்புக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வைத்தபடி அமர்ந்திருக்கும் மாமாதான் முதலில் கண்ணில் தெரிகிறார். நான் வாய் திறக்கும் முன்பே அவர் முகம் மலர்ந்துவிடும்.

அம்மாவின் தம்பி அவர். விசைப்படகில் வலை இழுக்கையில் கம்பி அறுந்து அவர் முதுகில் அடித்தது. வலிக்கென்று போட்ட ஊசி, வலி போன பின்னும் அவரை விடவில்லை. இரண்டு ஆண்டுகள் எங்கள் வீட்டில் சிரிப்பில்லை. பின்பு நாகர்கோவில் மருத்துவர் ஒருவர் நாள்தோறும் ஒரு மாற்று மாத்திரை கொடுத்து அவரைத் தேற்றினார். மீன் ஏலத்தில் மாமாவின் கேலிக்குரல் மீண்டும் கேட்கத் தொடங்கிய காலம் அது. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மேடையில் எனக்கு நிகர் யாருமில்லை என்று நம்பினேன்.

அவ்வாண்டுத் தலைப்பு, போதையிலிருந்து மனிதனை மீட்பது மருந்தா, மன உறுதியா என்பது. எங்கள் ஊரில் பேச்சாளர் அணியைத் தேர்வதில்லை, சீட்டு எடுப்போம். எனக்கு மன உறுதி விழுந்தது. விழுந்த பக்கத்தை உயிர்க்கொள்கை போல முழங்குவதே நாங்கள் பெற்ற பயிற்சி. "ஒரு விலங்கைக் கழற்றி இன்னொரு விலங்கைப் பூட்டுவதா விடுதலை?" என்று கேட்டு நிறுத்தினேன். கைதட்டலில் கடலோசை அமுங்கியது.

"உனக்க மருமவன் பேசினா ஐஸ்ல கெடக்க மீனும் எழும்பி நீந்தும்டே" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"பின்னே? எனக்க மருமவன்லா" என்றார் மாமா.

மறுநாளே மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். எவரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து, ஒரு நண்பகலில், கரையேற்றிய படகின் நிழலில் மூச்சு அடங்கிக்கொண்டிருந்த நிலையில் அவரைக் கண்டெடுத்தார்கள். பழைய ஊசியைப் பழைய அளவிலேயே போட்டிருந்தார். அந்த அளவைத் தாங்கும் பழக்கத்தை உடல் இழந்திருந்தது.

மருத்துவமனையில் பிழைத்துக் கண் விழித்தவர் என்னைப் பார்த்து, "இருபத்தோரு நாள் பிடிச்சு நின்னேன் மக்கா. நீ சொன்ன உறுதி எனக்கு இல்ல" என்றார். மாற்று மாத்திரையைத் தொட மறுத்தார். உறுதியற்றவனுக்கு மருந்தெதற்கு என்பது அவர் வாதம். அது என் வாதம்தான்.

அந்த நாகர்கோவில் மருத்துவர் என்னைத் தனியே அழைத்து மூளையின் படமொன்றைக் காட்டினார். நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியில் விரலை வைத்தார். "வேண்டாம்னு தடுக்கிறது இந்த இடம், தம்பி. நாள்பட்ட போதை இதை மெலிய வைக்குது. ஆசையைக் கிளப்புற இடத்துக்கும் இதுக்கும் உள்ள தொடர்பு தளர்ந்துபோகுது. மன உறுதின்னு மேடையில பேசுறோமே, அது பிறக்கிற இடத்துலயே அடி. தேறும், ஆனா மெதுவா. அதுவரைக்கும் தாங்கிப் பிடிக்கத்தான் இந்த மாத்திரை."

நான் மாமாவின் கட்டிலருகே சென்று உண்மையைச் சொன்னேன். "அது என் நம்பிக்கை இல்ல மாமா. சீட்டுல விழுந்தது."

மாமா என் பக்கம் திரும்பினார். "அப்பம் மத்த சீட்டு விழுந்திருந்தா?"

"மருந்துக்குப் பேசியிருப்பேன்."

"பேசு பாப்போம்."

பேசினேன். முழக்கமில்லை, அடுக்குமொழியில்லை. படத்தில் கண்டதைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். இடையில் குரல் உடைந்தது. மேடையில் ஒருநாளும் எனக்கு நேராதது.

"கோயில்ல பேசினது இதைவிட நல்லா இருந்து" என்று சொல்லிவிட்டு, மாமா செவிலியரிடம் கை நீட்டினார்.

பிறகு எத்தனையோ கோப்பைகள் வென்றிருக்கிறேன். மாமா இன்று கடலுக்குப் போவதில்லை. ஏலத்தில் அவர் குரல் ஓயவுமில்லை. ஆனால் நினைக்க நினைக்க இனிப்பது அந்த மருத்துவமனைப் பகல்தான். அந்த மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக் கரைய விட வேண்டும், கரையும்வரை பேசக்கூடாது. வாயை இறுக மூடிக்கொண்டு மாமா என்னைப் பார்த்திருந்தார். நானும் பேசவில்லை.