சந்தேகமே வராத ஆள்

இன்று சாலைக் கடைத்தெருவில் பக்கத்து வீட்டு வக்கீலைப் பார்த்தேன். லண்டனிலிருந்து வரும் துப்பறியும் நாவல்களில் பாதியிலேயே குற்றவாளியைச் சொல்லிவிடுபவர்.

"யார் மேல சந்தேகமே வரலையோ, அவனாக்கும் கள்ளன்" என்பார்.

போன மாதம் அவர் மனைவியின் சங்கிலி காணாமற்போனது. அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராத ஆள் சமையற்கார மணி. அந்தக் கணக்கில் அன்றே அவரை வெளியேற்றிவிட்டார்.

"சங்கிலி கிடைச்சுடுத்தாமே?" என்றேன்.

"மெத்தை உறைக்குள்ளயே கிடந்திருக்கு ஓய்."

"மணியைத் திரும்பக் கூப்பிட்டேளா?"

"ஆளனுப்பினேன். வீடு பூட்டிக் கிடக்கு, கேட்டோ. திருடன்னு பேராயிடுத்தேன்னு குடும்பத்தோட எங்கேயோ போயிட்டானாம்."

புது நாவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

மணியை எங்காவது பார்ப்பவர்கள், சங்கிலி கிடைத்துவிட்டதை அவரிடம் சொல்லுங்கள். நாவலாக இருந்தால் கடைசி அத்தியாயமே சொல்லியிருக்கும்.