ஜீவராஜ் சாரின் திறந்த பட்டியல்

காலைக் கூட்டத்தில் தேவாரம் முடிந்த கையோடு ஜீவராஜ் சார் ஒலிவாங்கியைப் பிடித்து மாணவர்களின் கடவுச்சொற்களை வாசிக்கத் தொடங்குவார். பிள்ளைகள் மறந்துவிடுகிறார்களாம். "ஏழாந்தரம், நல்லா கேட்டுக்கங்க. அவங்கவங்க பொறந்த தேதி, பின்னால ஸ்கூல் பேரு. அம்புட்டுத்தான்!" தலவாக்கலைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டப் பாடசாலையின் ஒலிபெருக்கி எதிர்மலை வரை கேட்கும். அங்கே தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கும் ஏழாந்தரத்தின் கடவுச்சொல் மனப்பாடம்.

சாருக்கு வயது ஐம்பத்திரண்டு. கழுத்தில் ஒரு பென்டிரைவ் தொங்கும், சட்டைப்பையில் இன்னொன்று; எதில் என்ன இருக்கிறதென்று அவருக்கே தெரியாது. பத்து வருடமாகக் கணினிப் பாடம் நடத்துகிறார். பிரின்டரில் காகிதம் சிக்கினால் இளையவரான சுலக்ஷனா டீச்சரைக் கூப்பிடுவார். "நம்ம ஸ்கூலு இப்ப நூறு வீதம் டிஜிட்டல்" என்பதை வணக்கம் சொல்வதுபோலச் சொல்வார். டீக்கடையிலும் சொல்வார், சாவு வீட்டிலும் சொல்வார்.

இந்த வருடத் தொடக்கத்தில் கொழும்புக் கம்பெனி ஒன்று கணக்குப் பயிற்சிக்கான செயலியை இலவசமாகத் தந்தது. பிள்ளைகளின் பெயரும் வகுப்புத் தரமும் மட்டும் கேட்டது. கேட்டது இரண்டு; சார் கொடுத்தது பதினொன்று. தாயின் போன் நம்பர், லயத்து வீட்டு நம்பர், தவணைப் புள்ளி, வீட்டில் யார் வெளிநாட்டில், யார் செத்துப்போனார், எந்தப் பிள்ளைக்கு வலிப்பு என்பது வரை. போதாதென்று, இதையெல்லாம் நிரப்பிய ஆன்லைன் பட்டியலின் இணைப்பைத் தன் ஃபேஸ்புக்கிலும் போட்டார்.

"சார், இத யாரு வேணும்னாலும் தொறந்து பாக்கலாமே" என்றார் சுலக்ஷனா.

"பாக்கட்டும் டீச்சர். பாக்கத்தானே போட்டது?"

நாற்பத்தேழு பேர் லைக் போட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கைகூப்பும் படம் அனுப்பினார். பார்த்தவர்களில் ஒருவன் வீட்டு வேலைக்கு ஆள் பிடிக்கும் தரகன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டச் சொட்ட, பதினோராம் தரத்துத் தனுஜாவின் தாய் லெட்சுமி வந்து நின்றார்.

"நேத்து நா மலையில கொழுந்தெடுத்துக்கிட்டு நிக்கிறேன் சார். லயத்துக்கே ஒருத்தன் வேன்ல வந்துட்டான். எந்தக் காம்பரா வீடுன்னு யாருகிட்டயும் கேக்கல. நேரா வந்து கதவத் தட்டி, 'தனுஜா, கணக்குல பதினெட்டுதானே எடுத்த, அப்பாவும் இல்ல, இன்னும் எதுக்குப் படிக்கிற, கொழும்புல நல்ல வீடு இருக்கு, வா'ங்கிறான். புள்ள உள்ளுக்குப் பூட்டிக்கிட்டு நடுங்கியிருக்கு. ஸ்கூலுக்கும் வரமாட்டேங்குது. எம்புள்ள மார்க்கு அவனுக்கு எப்புடி சார் தெரியும்?"

ஜீவராஜ் சாருக்குக் கோபம்தான் முதலில் வந்தது, தன் பட்டியலைக் குறை சொல்கிறாளே என்று. அதன் ஓரத்தில், வேன் வைத்திருப்பவர்கள்கூடத் திறந்து பார்க்கிறார்கள் என்ற சின்னப் பெருமையும் எட்டிப் பார்த்தது.

"புள்ள போகலதானே? பொறகென்னம்மா?"

"எங்க பேர அழிச்சிருங்க சார்."

"அது எப்புடி? ஒரு பேர எடுத்தா நூறு வீதம் போயிரும்ல. வெள்ளிக்கிழம கல்வி ஆபீஸ்ல இருந்து பாக்க வாறாங்க."

"அவன் திரும்பி வந்தா?"

"கதவத் தொறக்காதீங்க."

பக்கத்து மேசையில் சுலக்ஷனா திருத்திக்கொண்டிருந்த கொப்பியை மூடினார். லெட்சுமி நகரவில்லை.

"எங்களப் பத்தி அதுல என்னா எழுதியிருக்குன்னாச்சும் காட்டுங்க."

இதற்குச் சாருக்கு ஆட்சேபணை இல்லை. போனை மேசையில் வைத்து, பதினோராம் தரத்தைத் தேடிப் பிடித்து, "இந்தா பாருங்க, எம்புட்டு வடிவா கலர் கலரா போட்டுருக்கேன்" என்று அவர் பக்கமாகத் திருப்பினார். லெட்சுமி குனிந்தார். அந்த நேரம் பார்த்துத் திரையின் மேல்பக்கத்தில் ஒரு செய்தி இறங்கியது. ஹட்டனில் காலையில் அவர் சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வந்த ஆய்வுகூடத்திலிருந்து: ஜீவராஜ், இரத்தத்தில் சீனி முந்நூற்றுப் பன்னிரண்டு.

லெட்சுமி எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் சார் இரண்டு உள்ளங்கைகளாலும் திரையைப் பொத்தினார்.