அண்ணன் செய்த கைப் பிரேக்

இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிவிட்டது. ஆண்டுப் பூசைக்குள் அவரைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று காரைக்கால் அச்சகத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்துவிட்டன. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

அண்ணன் காரைக்காலில் பிறந்தார். எங்கள் தகப்பனார் இறந்தபோது அவருக்கு வயது பதினைந்து, எனக்கு ஆறு. பத்தொன்பதாம் வயதில் கப்பலேறி சைகோன் வந்தார். சுங்கக் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதி, அந்தச் சம்பளத்தில் என்னைப் படிக்க வைத்து, பிறகு இங்கே வரவழைத்து ஒரு கப்பல் அலுவலகத்தில் வேலைக்கும் சேர்த்துவிட்டார். அண்ணி மணமாகி இரண்டாம் ஆண்டில் பிரசவத்தில் இறந்துபோனார்கள். குழந்தையும் தங்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் போனபோது நம்மவர்களில் பலர் பிரான்சுக்கும் ஊருக்கும் கிளம்பினார்கள். அண்ணன் அசையவில்லை. "அவ இங்க படுத்திருக்கா. நான் எங்கடா போறது?" என்று ஒரே முறை சொன்னார். அதன்பின் நாங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கிடங்கு வேலை போனதும் ஒரு பழைய பிக்கப் வண்டியும் இருநூறு மடக்கு நாற்காலிகளும் வாங்கினார். கல்யாணம், ஞானஸ்நானம், துக்கம் எதுவானாலும் நாற்காலி, மேசைகளை வாடகைக்குக் கொண்டுபோய் இறக்கி, முடிந்ததும் எடுத்துவருவார். நம்மவர் வீடுகள் மட்டுமல்ல, வியட்நாமியர் வீடுகளிலும் அவரைத்தான் தேடுவார்கள். இவ்வூரில் மூத்த பிள்ளையை 'ஹாய்', அதாவது 'இரண்டு' என்பார்கள். முதல் என்று எவரையும் எண்ணுவதில்லை. 'ஆன்' என்றால் அண்ணன்; தெருவுக்கே அவர் 'ஆன் ஹாய்' ஆனார்.

அந்த வண்டிக்குக் கைப் பிரேக் கிடையாது. பழைய சொந்தக்காரர் எப்போதோ எல்லாவற்றையும் கழற்றி வேறு வண்டிக்குப் போட்டிருந்தார். இருக்கைகளுக்கு நடுவே பிடி இருந்த இடத்தில் ஓர் ஓட்டை மட்டும் இருந்தது. கால் பிரேக் நன்றாகப் பிடிக்கும். சைகோன் தட்டையான ஊர். கால்வாய்ப் பாலங்களின் ஏற்றமும் படகுத்துறைச் சரிவும் தவிர இங்கே மேடு பள்ளம் ஏது? அதனால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. சரிவில் நிறுத்தவேண்டி வந்தால் அண்ணன் மிதியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவ்வூர் வண்டிகளில் ஓட்டுபவர் இடப்பக்கம்; வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் குதித்து இறங்கி, இருக்கைக்கு அடியிலிருக்கும் ஆப்புக் கட்டையைச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, "வச்சாச்சு!" என்று கத்தவேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் அண்ணன் காலை எடுப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வலப்பக்கம் உட்காருபவன் நான். ஒருமுறை கால்வாய்ப் பாலத்தின் ஏற்றத்தில் கட்டையைக் கையில் எடுத்ததுமே, பழக்கத்தில், "வச்சாச்சு" என்று கத்திவிட்டேன். அண்ணன் காலை எடுத்தார். வண்டி பின்னால் உருண்டு ஒரு நூடுல்ஸ் தள்ளுவண்டியில் இடித்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் ஒரு பானைச் சூப்பு முழுதும் தெருவில் ஓடியது. தள்ளுவண்டிக்கார அம்மாள் கரண்டியோடு என்னைத் துரத்தினார். அண்ணன் திட்டவில்லை. அன்று முதல் ஒரு கேள்வியைக் கூட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

"வச்சாச்சா?"

"வச்சாச்சு அண்ணே."

"நெசமா?"

"நெசமா."

வீட்டில் எனக்கு 'வச்சாச்சுத் தம்பி' என்றே பெயர் விழுந்தது. சாப்பிட்டாச்சு என்றாலும் "நெசமா?" என்பார் அண்ணன். என் மகள் செசிலி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

செசிலி எங்களுக்கு ஒரே பிள்ளை. அவளை நான் சைக்கிளே ஓட்டவிட்டதில்லை. இராணுவ லாரிகள் பறக்கும் இந்த ஊரில், பிள்ளை வீடு திரும்பும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பன் நான். அதற்கு நான் வெட்கப்படவில்லை. பத்தொன்பது வயதில் அவள், பெரியப்பாவிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப்போவதாகச் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

"கத்துக்கட்டுமேடா. எனக்கும் வயசாகுது" என்றார் அண்ணன்.

"கைப் பிரேக் இல்லாத வண்டியில எம் பொண்ணு உக்காரவே கூடாது."

"பதினோரு வருஷமா ஓட்டுறேன். எங்க உருண்டுச்சு? நீ உருட்டுனதுதான்."

செசிலி சிரித்துவிட்டாள். எனக்கு ஆத்திரம் வந்தது. "உங்களுக்குப் புள்ள இல்லல்ல அண்ணே, அதான் பயம்னா என்னன்னு தெரியல" என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தார். மீதியைச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவி வந்து, "சரிடா. பிடிக்கிற மாதிரி செஞ்சிட்டுச் சொல்றேன்" என்றார். மறுநாள் காலையில் வண்டியின் பின்சக்கரங்கள் இரண்டும் கழன்று கிடந்தன.

ஒரு பெரிய பட்டறையில் விசாரித்தார். பிரான்சிலிருந்து முழு செட் வரவழைக்க வேண்டும் என்று அவர்கள் சொன்ன விலை, அவர் வண்டிக்குக் கொடுத்ததில் பாதி. அண்ணன் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, எங்கள் தெருமுனையில் நடைபாதையிலேயே பட்டறை வைத்திருக்கும் பா என்ற மெக்கானிக்கிடம் போனார். அடுத்த இரண்டு மாதம் பூசை முடிந்ததும் இருவரும் பழைய இரும்புச் சந்தைக்குப் போவார்கள். உடைந்த ஜீப் ஒன்றின் கைப் பிடி கிடைத்தது. இழுத்த இடத்தில் அதைப் பிடித்து நிறுத்தும் பற்கள் தேய்ந்திருந்தன. அண்ணன் முக்கோண அரத்தால் ஒவ்வொரு பல்லாக அராவிக் கூராக்கினார். டிரம்முக்கு உள்ளே பிரேக் கட்டைகளைத் தள்ளும் நெம்புகோல், இடப்பக்கத்துக்கு மட்டும் ஒன்று அகப்பட்டது. அதை பிஸ்கோத்து டின் தகட்டில் வரைந்து வெட்டி அச்சு எடுத்து, பழைய பட்டை ஸ்பிரிங்கைக் காய்ச்சி அடித்து வலப்பக்கத்துக்கு ஒன்று செய்தார்கள். மூன்று நாள் வேலை. மாட்டப் போனால் மாட்டவில்லை. இரண்டும் இடக்கை! தகட்டைத் திருப்பிப் போட்டு வரைய இருவருக்குமே தோன்றவில்லை.

"ரெண்டு இடக்கை இருந்தா சோறு எப்படித் தின்றது ஆன் ஹாய்?" என்று கேட்டாராம் பா.

"உம் பொண்டாட்டி ஊட்டுவா" என்றாராம் அண்ணன். மறுபடி மூன்று நாள் அடித்தார்கள்.

சைக்கிள் பிரேக் கம்பி முதல் இழுப்பிலேயே அறுந்தது. லாரிகளில் பாரம் இழுக்கும் எஃகு வடத்தில் ஒரு துண்டு வாங்கி, முனைகளை இரும்புக் குழாய்க்குள் செருகி நசுக்கி இறுக்கினார்கள். இரண்டு சக்கரமும் சமமாகப் பிடிக்க, நடுவில் பள்ளம் வெட்டிய ஓர் அரைவட்ட இரும்பு. பிடியை விட்டதும் கட்டைகள் பின்வாங்க, சிக்லோ என்னும் சைக்கிள் ரிக்ஷா இருக்கையின் ஸ்பிரிங். எல்லாம் சேர்த்துப் பட்டறை கேட்டதில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை.

முதல் சோதனைக்கு என்னையும் கூப்பிட்டார். இருநூறு நாற்காலிகளையும் ஏற்றி, நான் சூப்பைக் கொட்டிய அதே பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தினார். பிடியை இழுத்தார். டக், டக், டக், டக், டக். ஐந்தாவது பல்லில் வண்டி கட்டிப்போட்ட மாதிரி நின்றது. மிதியிலிருந்து காலை எடுத்து, இறங்கி, என் பக்கம் வந்து ஒரு சிகரெட் பற்றவைத்தார். அது தீரும் வரை வண்டி ஒரு விரற்கடை கூட நகரவில்லை.

"இப்ப உம் பொண்ணு உக்காரலாமா?"

நான் தலையசைத்தேன். அன்றைக்காவது அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "கட்டையும் இருக்கட்டும் அண்ணே" என்றேன். "இருக்கும்டா. உனக்காகத்தான்" என்று அதை மறுபடி இருக்கைக்கு அடியில் வைத்தார்.

அதன்பின் அவர் எங்களோடு இருந்தது ஐந்து வாரம்தான்.

அன்று ஆற்றுக்கு அக்கரையிலுள்ள தூ தியேமில் ஒரு கல்யாண வீட்டிலிருந்து நாற்காலிகளை எடுத்துவர, அண்ணனும் செசிலியும் நண்பகலில் படகுத்துறைக்குப் போயிருந்தார்கள். ஆற்றில் நீர் வற்றிய நேரம். அப்போது துறையின் சரிவு செங்குத்தாக இருக்கும். முன்னால் இருந்த வண்டிகள் படகில் ஏறிவிட, இவர்கள் வண்டிதான் வரிசையில் முதலில் நின்றது. அதற்கு முன்னால் ஆற்று நீர்தான். அண்ணன் பழைய வழக்கப்படி கியரை எடுத்துவிட்டு மிதியை அழுத்திக்கொண்டு படகுக்குக் காத்திருந்தார். பேசிக்கொண்டே இருந்தவர் பாதிச் சொல்லில் நிறுத்தினாராம். இடக்கையால் நெஞ்சைப் பிடித்தார். வலக்கை பிடியை இழுத்தது.

"டக் டக்குன்னு கேட்டுச்சுப்பா. அஞ்சோட நிக்கல. கடைசிப் பல்லு வரைக்கும் இழுத்தாங்க. அப்புறம்தான் கால் நழுவுச்சு" என்று செசிலி சொன்னாள். இதை அவள் இந்த ஓராண்டில் பலமுறை சொல்லிவிட்டாள். ஒவ்வொரு முறையும் நான் முதல்முறை போலவே கேட்கிறேன்.

வண்டி அசையவில்லை. என் மகள் உயிரோடு இருக்கிறாள். பயம் தெரியாதவர் என்று நான் சொன்ன மனிதர், தமக்கு மூச்சு நிற்கும் நேரத்தில் அவளுக்காகப் பயந்தார்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் அமர்ந்தது அண்ணனின் நாற்காலிகளில்தான். அவற்றைக் கேட்காமலே கொண்டுவந்து இறக்கி, முடிந்ததும் எண்ணி அடுக்கியவர் பா. கூலி என்ற பேச்சையே அவர் காதில் வாங்கவில்லை. அடக்கப் பூசை வைத்த சாமியாருக்கும், அண்ணியின் பக்கத்திலேயே இடம் கிடைக்க அலைந்த பங்கு மக்களுக்கும், துக்கத்தில் என் மனைவிக்கும் மகளுக்கும் துணையிருந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்தத் தள்ளுவண்டிக்கார அம்மாள் மூன்று நாளும் எங்கள் வீட்டுக்குச் சூப்பு அனுப்பினார். துறையில் முதலில் ஓடிவந்து நாடி பார்த்துச் செபம் சொன்ன கன்னியாஸ்திரீக்கும் எங்கள் நன்றி. அவர் பெயர் கூட எங்களுக்குத் தெரியாது.

படகுத்துறைத் தொழிலாளர்கள் நால்வருக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. ஒருவர் என் அலுவலகத்துக்கு ஓடிவந்து என்னை அழைத்துப் போனார். மற்ற மூவர், வண்டி தானாகவே நின்றுகொண்டிருந்தும், அதற்கும் ஆற்றுக்கும் நடுவே தோள் கொடுத்து நின்றார்கள். அண்ணனை இறக்கவேண்டியிருந்தது. ஆனால் அவர் கை பிடியை விட்டு வரவில்லை. அந்தக் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டு செசிலி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிடியைத் தளர்த்த எல்லோருக்கும் அச்சம்.

நான் அவர்களைத் தாண்டி வலப்பக்கம் போனேன். இருக்கைக்கு அடியில் கட்டை இருந்தது. எடுத்து, சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, காலால் இரண்டு முறை மிதித்து இறுக்கினேன். குனிந்து கையால் தடவிப் பார்த்தேன். பிறகு அவர் பக்கம் வந்து, காதருகில் குனிந்து சொன்னேன்.

"வச்சாச்சு அண்ணே."

அவருடைய அந்தக் கேள்வி வரவில்லை. அதனால் நானே சொன்னேன்.

"நெசமா."

அதற்குப் பிறகுதான் அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தேன்.