சூடு எங்கே போனது

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் டியூஷன் எடுப்பவள். யாராவது திருஷ்டி கழிக்க உப்பு மிளகாய் சுற்றினால்கூடச் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், நடந்தது இதுதான்.

அப்பாவுக்கு மறதி நோய். கூடவே சர்க்கரை, வேளாவேளைக்கு இன்சுலின் போட்டாக வேண்டும். சிதம்பரம் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தோம். கீழவீதியில் செருப்பைக் கழற்றக் குனிந்து நிமிர்ந்தேன், பக்கத்தில் நின்றவரைக் காணோம். நாள் முழுக்கத் தேடினோம், போலீசும் தேடினார்கள், விடிந்தும் கிடைக்கவில்லை. என் கணவர் கீழவீதியிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை கடை கடையாகக் கெஞ்சி, கேமரா பதிவுகளை ஒரு பென் டிரைவில் வாங்கிக் கொடுத்துவிட்டு அங்கேயே தேடிக்கொண்டிருக்க, நான் அதை எடுத்துக்கொண்டு கடலூர் வீட்டுக்கு ஓடிவந்தேன்.

போட்டோவைக் கொடுத்தால் வீடியோவுக்குள் அந்த முகத்தைத் தேடித் தரும் சாஃப்ட்வேர் ஒன்றைத் தோழி அனுப்பியிருந்தாள். எங்கள் கம்ப்யூட்டரோ பழசு. தேடி முடிக்க மூன்று நாள் ஆகும் என்று காட்டியது. இன்சுலின் இல்லாமல் அப்பா அதுவரை தாங்கமாட்டார்.

ஓவர்கிளாக்கிங் என்று கேள்விப்பட்டிருந்தேன், பிராசசரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஓடவைப்பது. செய்து பழக்கமில்லை. போனில் ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டே பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனை எதிரே வைத்து, கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்குகள் இருக்கும் பயாஸுக்குள் போய் வேகத்தின் எண்ணை ஒரு படி ஏற்றினேன். ஓடியது. இன்னொரு படி ஏற்றினேன், நீலத் திரை வந்து நின்றுவிட்டது. வோல்டேஜையும் சேர்த்து ஏற்றினேன், சூடு நூறு டிகிரியைத் தொட்டுத் தானாகவே அணைந்துபோனது. திரும்பத் திரும்ப இதேதான். கீபோர்டின் மேல் தலையை வைத்து அழுதேன். அப்புறம், எரிந்தால் எரியட்டும் என்று, இதற்கு மேல் தொடவே கூடாது என்று அந்த வீடியோக்காரர் சொன்ன அளவையும் தாண்டி ஏற்றினேன். அப்போது காலை மணி பதினொன்று இருக்கும்.

கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. ஆனால் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன், பிராசசர் மேலிருந்த ஃபேன் சுற்றவில்லை. பதறிப்போய் அதன் கீழே, பிராசசரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் அலுமினியத்தைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. மண்பானையைத் தொட்டது போல. திரையில் தேடல் தறிகெட்டு ஓடியது, கண்ணால் பின்தொடர முடியவில்லை. சிறிது நேரத்தில் அப்பாவின் முகம் வந்து நின்றது. பண்ருட்டி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்.

கணவருக்குப் போன் போட்டேன். "என்னங்க, அப்பா பண்ருட்டி பஸ்ல ஏறியிருக்காருங்க!"

"மாமாவா? நல்லா பாத்தியா?"

"சட்டை, வேட்டி எல்லாம் அவுரோடதுதாங்க. ஒடனே போங்க, நானும் வரேன்."

பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடினேன்.

பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில், பலாச்சுளை விற்கும் ஒரு அம்மாவின் பக்கத்தில், நிழலில் படுத்திருந்தார் அப்பா. தலையெல்லாம் ஈரம். எனக்கு முன்பே வந்துவிட்ட கணவர் அவரை மடியில் சாய்த்திருந்தார். நெற்றியைத் தொட்டேன், கொதித்தது.

"காலையில நல்லாத்தாம்மா இருந்தாரு, சுளைகூடக் குடுத்தேன்" என்றார் அந்த அம்மா. "பதினோரு மணி வாக்குல திடீர்னு ஒடம்பு அனலாப் போச்சு. குடம் குடமா ஊத்துனோம், ஊத்துற தண்ணி ஆவியாப் போவுது. கொஞ்ச நேரம் கழிச்சுதான் அதுவா தணிஞ்சுது. இப்ப எவ்வளவோ தேவல."

பதினொரு மணிக்குத்தான் நான் எல்லை தாண்டி ஏற்றினேன், பிளக்கைப் பிடுங்கியது கொஞ்ச நேரம் கழித்து. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், சர்க்கரையைச் சரிசெய்தார்கள், பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தச் சூட்டுக்கு டாக்டரால் காரணம் சொல்ல முடியவில்லை. வலது உள்ளங்கையில் சதுரமாக ஒரு தீக்காயம் இருந்தது, ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி, பிராசசரின் அதே அளவில். எதையோ பிடித்துச் சுட்டுக்கொண்டிருப்பார் என்றார்கள்.

ஃபேன் சுற்றாமலே எப்படிச் சூடு ஏறாமல் ஓடியது என்று கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவரிடம் கேட்டேன். "சென்சாரு போயிருக்கும் மேடம், தப்பாக் காட்டியிருக்கும்" என்றார். நான் கையால் தொட்டுப் பார்த்தேனே என்றேன். அவர் பெட்டியின் மூடியைத் திருகி மாட்டத் தொடங்கினார்.

இப்போது அப்பாவுக்கு என் பெயர்கூட நினைவில்லை. பண்ருட்டிக்குப் போனதும் தெரியாது. நானும் அவரிடம் எதுவும் சொன்னதில்லை. ஆனால் கம்ப்யூட்டர் இருக்கும் அறையைத் தாண்டும்போதெல்லாம், வலது கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போகிறார்.